கீழே பூச்சு, மேலே பூச்சி

அந்தத் தெருவில் அவளுக்குப் பூச்சியம்மா என்று பெயர். வைத்தவன் அவளுடைய கொழுந்தன். கீழ்த்தளத்தில் அவன் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான். மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவளும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். “நம்ம வீட்டு அடையாளம் ரொம்ப சுலபம். கீழே பூச்சு, மேலே பூச்சி” என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. செய்கிற வேலையைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள்.

பழத்தோட்டக்காரர்களுக்கு நல்ல பூச்சிகளை வளர்த்து அனுப்பும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. தரை கூட்டத்தான் சேர்ந்தாள். ஒருநாள் குளவி பிடிக்கும் பெண் வரவில்லை. அங்கே எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அதிகாரி, கையில் கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, “முயற்சி பண்ணிப் பாருங்க” என்றார். குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையைக் குளவியின் அருகே கொண்டுபோய், மூச்சை அளந்து உறிஞ்ச வேண்டும். அதிகம் இழுத்தால் சிறகு ஒடிந்துவிடும். குறைத்து இழுத்தால் அது நழுவிப் பறந்துவிடும். நடுவில் சல்லடை இருப்பதால் வாய்க்குள் போகாது. முதல் நாளே அவளுக்கு அது கைவந்தது. அதன் பிறகு துடைப்பத்தை அவள் தொடவில்லை.

“என் பொண்டாட்டி உறிஞ்சாத உசுரு உலகத்துல கிடையாது. மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான்” என்பான் புருஷன்.

குளவி என்றால் கொட்டுகிற குளவி அல்ல. கொசுவில் பாதி இருக்கும். இலையின் அடியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினிகளைத் தேடி அது வரும். அசுவினியைக் கூடத்தில் பேன் என்பார்கள். குளவி இடுப்பை மடித்து, தன் கால்களுக்கு நடுவே நீட்டி, பேனின் உடம்புக்குள் ஒரு முட்டையைக் குத்திவிட்டுப் போகும். உள்ளே புழு பொரிந்து பேனைத் தின்று வளரும். பேன் செத்து, உப்பி, பித்தளை நிறத்தில் இலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கூடத்தில் மணி என்று சொல்வார்கள். மணியில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். “மணி பிடிச்சாச்சா?” என்பதுதான் அங்கே காலை வணக்கம்.

அவள் புருஷன் மரம் ஏறுகிறவன். கிளை கழிப்பது, மின்கம்பியில் சாய்ந்ததை வெட்டுவது, பட்ட மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குவது. கூட்டாளிகள் அவனைக் குரங்கு என்பார்கள், அவனுக்கு அதில் பெருமை. ஒரு மழைக்காலத்தில், கயிறு சரியாக இருந்தும், அதைக் கட்டிப் பிடித்திருந்த கிளை உளுத்திருந்ததால் விழுந்தான். உயிர் பிழைத்தான். நெஞ்சுக்குக் கீழே எல்லாம் போய்விட்டது.

நடக்க முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. வேர்க்காது என்பது புரிய ஒரு வெயில்காலம் பிடித்தது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு வேர்வையை மறந்துவிடும், உள்ளே ஏறுகிற சூடு வெளியே போக வழியில்லை என்று மருத்துவர் சொன்னார். அப்போது அவர்கள் இருந்த வாடகை வீட்டு மொட்டைமாடி அறையில் அவன் இரண்டு முறை நினைவு தப்பினான். இரண்டாம் முறை கண் விழிக்க வெகுநேரமானது. “மூணாவது தடவை நான் உத்தரவாதம் தரமாட்டேன். வெயில் படாத இடமாப் பாருங்க. இல்லைன்னா ஊருக்கு வெளியே ஒரு காப்பகம் இருக்கு, கீழ்த்தளம், குளிர்ந்த அறை. அங்க விடுங்க” என்றார் மருத்துவர்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தன், “காப்பகமா? நான் எதுக்கு இருக்கேன்?” என்று பட்டறை மேலிருந்த அறையைக் காலி செய்துகொடுத்தான். தகரக் கூரைதான். ஆனால் பட்டறை வாசலில் நின்ற பெரிய மரம் அந்தக் கூரை மேல் முழுக்கக் கவிந்திருந்தது. அகன்ற இலை, அடுக்கடுக்கான கிளை. நண்பகலில் கூரையைத் தொட்டால் சட்டிபோல் சுடாது, பானைபோல் குளிர்ந்திருக்கும். கீழே இறக்கிப் படுக்கவைக்கலாம் என்றால் அங்கே பெயிண்ட் நெடி. அவன் நுரையீரலுக்கு அது ஆகாது. ஆக, அவன் வீட்டில் இருப்பதும் காப்பகத்தில் இருப்பதும் அந்த ஒரு மரத்தைப் பொறுத்தது.

மரத்தில் பேன் பிடித்தது.

பேன் சாறு உறிஞ்சி இனிப்பு நீராகக் கழிக்கும். ஒரு பேன் கழிப்பது கண்ணுக்கே தெரியாது. மரம் முழுவதும் இருப்பவை கழித்தால் மழைத் தூறல் மாதிரி விழும். சாதாரணக் காரில் விழுந்தால் துடைத்துவிடலாம். அப்போதுதான் அடித்து வாசலில் காயவைத்த காரின் ஈரப் பெயிண்டில் விழுந்தால், மேலெல்லாம் அம்மைத் தழும்பு. மறுபடி தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். கொழுந்தன் படுதா கட்டினான். படுதா ஒட்டிக்கொண்டு கறுத்துப் பூசணம் பிடித்தது. ஆள் வைத்து மருந்து அடித்தான். பேன் செத்தது. சில வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்தது. மருந்து பேனோடு சேர்த்துப் பேனைத் தின்கிற எல்லாவற்றையும் கொன்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவும் செய்தாள். மருந்து நெடியில் புருஷன் விடிய விடிய இருமியதால் இரண்டாம் முறை கொழுந்தனும் அடிக்கவில்லை.

ஒருநாள் வெள்ளைக் கார் ஒன்றை எடுக்க வந்தவர், அதன் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, பெயிண்ட் அடிக்கச் சொன்னா உப்புத்தாள் ஒட்டி வெச்சிருக்கே” என்று சொல்லிக் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கொழுந்தன் மாடி ஏறி வந்தான். உட்காரவில்லை.

“அண்ணி, மரத்தை எடுத்துடலாம்னு இருக்கேன்.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“எடுத்துட்டா உங்க அண்ணனை எங்க வைக்கிறது?”

“தெரியும் அண்ணி. தெரிஞ்சுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பட்டறை போச்சுன்னா மேலயும் சோறு கிடையாது, கீழயும் சோறு கிடையாது.”

கட்டிலிலிருந்து புருஷன், “டேய், என்னை வெச்சுக்கிட்டே என்னைப் பத்திப் பேசுறீங்களே, நான் என்ன மர பீரோவா?” என்றான்.

“அண்ணே, நீ சும்மா இரு.”

“சும்மாதானே இருக்கேன். வேற என்ன பண்ண முடியும்னு நினைக்கிற?”

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: “தம்பி, எனக்கு வெயில் ஏறுற வரைக்கும் தவணை குடுங்க. நான் குளவி விடுறேன். ஊருக்கெல்லாம் வளர்த்து அனுப்புறேன், என் வீட்டு மரத்துக்குப் பண்ண மாட்டேனா?”

கொழுந்தன் நல்லவன். தலையாட்டினான்.

மறுநாள் மேடத்திடம் கேட்டாள். மேடம் இலையை வாங்கி உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “நாம வளர்க்கிற குளவி வேற, இந்தப் பேன் வேற. நம்மது இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இதுக்குன்னு இருக்கிற குளவி வேணும்.”

“எங்க கிடைக்கும் மேடம்?”

“இதே மரம், இதே பேன், யாரும் மருந்து அடிக்காத இடம். அங்க தானா இருக்கும்.”

அப்படி ஓர் இடம் அவளுக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய பூங்கா. விடுமுறை நாளில் பையும் கத்தரிக்கோலுமாகப் போனாள். தாழ்ந்த கிளைகளைத் திருப்பிப் பார்த்தால், இலைக்கு இலை பித்தளை மணி. நகைக்கடைக்குள் நுழைந்த புதுப்பெண் மாதிரி எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு பை நிறையக் கத்தரித்துக்கொண்டாள்.

கூடத்தில் ஒரு விதி உண்டு. வெளியிலிருந்து வரும் எந்த மணியையும் நேரே குளவி வளர்க்கும் கூண்டில் விடக்கூடாது. முதலில் குப்பியில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, உள்ளேயிருந்து என்ன வெளிவருகிறது என்று பார்க்க வேண்டும். நல்லதை மட்டும் உறிஞ்சி எடுத்துக் கூண்டில் விட வேண்டும். அந்தப் பார்க்கும் வேலையைச் செய்கிறவளே அவள்தான். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அது அவள் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் குப்பியில் அடைத்தால் ஒரு வாரம் போய்விடும். கொழுந்தன் கொடுத்த தவணையில் ஒரு வாரம் பெரிது. அதுவும் இல்லாமல், அந்த விதி கூண்டுக்கு. கூண்டுக்குள் ஒரு தப்பான பூச்சி புகுந்தால் அத்தனையும் பாழ். இது திறந்த மரம்தானே, காற்றில் என்னென்னவோ வந்து போகிற மரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் இலைகளை நூலில் கோத்து, மாடிப்படி கைப்பிடியிலிருந்து எட்டிய கிளைகளில் எல்லாம் கட்டிவிட்டாள்.

எறும்புகள் மிச்சமிருந்தன. பேனின் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை விரட்டும். “தம்பி, கொஞ்சம் கிரீஸ் குடுங்க” என்றாள். கொழுந்தன் டப்பாவோடு வந்தான். அடிமரத்தில் பழந்துணியைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் இருவருமாக கிரீஸ் பூசினார்கள்.

“பார்த்தியா அண்ணே! கடைசில அண்ணியும் பூச்சு வேலைக்கு வந்துட்டாங்க” என்று கொழுந்தன் மேலே பார்த்துக் கத்தினான்.

“ஒழுங்காப் பூசச் சொல்லுடா, ரெண்டாவது கோட்டு கேப்பாரு கஸ்டமர்” என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, படியில் இறங்கும்போது கைக்கெட்டிய இலையைத் திருப்பினாள். பச்சைப் பேன்களுக்கு நடுவே ஒரு மணி. பக்கத்து இலையில் மூன்று. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறைக்குத் திரும்பி, இலையைப் புருஷன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“என்ன இது?”

“மணி.”

“பேன் மாதிரிதானே இருக்கு.”

“பேன்தான். செத்த பேன். உள்ள நம்ம ஆளு இருக்கான்.”

அவன் இலையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இவ்வளவு காலம் மரத்துல கிடந்தேன். இலையைத் திருப்பிப் பார்த்ததே இல்லை” என்றான்.

அடுத்த சில வாரம் அந்த வீட்டில் நல்ல காலம் என்று சொல்லலாம். மணிகள் பெருகின. தூறல் குறைந்தது. கொழுந்தன் ஒரு கறுப்புக் காரைத் துணிந்து வாசலில் காயவைத்தான். மறுநாள் அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணி, பூச்சியம்மான்னு இனிமே கூப்பிடமாட்டேன். டாக்டரம்மா” என்றான். மரம் வெட்டும் மேஸ்திரியிடம் பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். அன்று அவள் வேலைக்குப் போகும்போது காரணமே இல்லாமல் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்துபோனாள்.

வெயில் ஏறத் தொடங்கியபோது தூறல் திரும்பியது.

முதலில் அவள் நம்பவில்லை. மணிகள் இருக்கின்றனவே! இலைக்கு இலை இருந்தன. ஆனால் அவை பழைய மணிகள், ஓட்டை விழுந்தவை, காலிக் கூடுகள். புது மணி ஒன்றும் இல்லை. பச்சைப் பேன்கள் காலிக் கூடுகள் மேலேயே ஏறி நடந்தன. இத்தனை மணிகளிலிருந்து குளவி வெளியே வந்திருக்கிறதே, அதெல்லாம் எங்கே போயிற்று? ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மேடம் இலையை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து, “நீங்களே பாருங்க” என்றார்.

அவள் குனிந்தாள். நல்ல குளவி மணியைக் கத்தரித்ததுபோல் வட்டமாக வெட்டி, மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு வரும். மூடி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கும். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இங்கே இருந்த ஓட்டைகளில் வட்டமே இல்லை. எலி கடித்த மூட்டைபோல் ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. இன்னொரு இலை. அதிலும் பிய்ந்த ஓட்டை. இன்னொன்று.

குளவிக்கு உள்ளும் ஒரு குளவி உண்டு. மணிக்குள் வளரும் நல்ல குளவியின் புழுவைத் தேடிக் குத்தி, அதைத் தின்று வளர்வது. பேனை அது சீண்டாது. அதற்கு வேண்டியது பேனைத் தின்கிறவன்தான். வெளியே வரும்போது அது மணியை அப்படித்தான் கடித்துக் குதறிக்கொண்டு வரும். குப்பியில் அடைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

“எங்கிருந்து கொண்டுவந்தீங்க?”

“பூங்காவுல இருந்து.”

“குப்பியில போட்டுப் பார்த்தீங்க இல்ல?”

அவள் உருப்பெருக்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மேடத்துக்கு விளங்கிவிட்டது. “நீங்க கொண்டுவரலைன்னாலும் அது தானா வந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது” என்றார்.

“வந்திருக்காமலும் இருந்திருக்கலாம் இல்லையா மேடம்?”

“இருந்திருக்கலாம்.”

“இப்ப என்ன பண்றது?”

“விட்டுடுங்க. ரெண்டு வருஷம், மூணு வருஷத்துல எல்லாம் தானா ஒரு நிதானத்துக்கு வரும். மரத்துக்கு அதெல்லாம் ஒரு காலமே இல்லை.”

மரத்துக்கு இல்லைதான். அவள் குப்பிகளை அடுக்கியிருந்த மேசைக்குத் திரும்பிப் போய், குழாயை வாயில் வைத்துக்கொண்டு அன்றைய வேலையைச் செய்தாள். அன்று பல குளவிகளுக்குச் சிறகு ஒடிந்தது.

வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், குப்பியில் போடாததையும் சேர்த்து. அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தக் கிளை உளுத்திருக்கான்னு தட்டிப் பார்த்துட்டுத்தான் பிடிக்கணும். தட்டிப் பார்க்கணும்னு நான்தான் எல்லாப் பயலுக்கும் சொல்லிக்கொடுத்தேன்” என்றான்.

கொழுந்தன் இந்த முறை மாடி ஏறவில்லை. படியின் அடியில் நின்று, “அண்ணி, மேஸ்திரி வர்றாரு” என்று மட்டும் சொன்னான். வாசலில் இன்னொரு கறுப்புக் கார் மேலெல்லாம் தழும்போடு நின்றிருந்தது. சொந்தக்காரர் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவள் இரண்டு படி இறங்கி அந்தக் காரைப் பார்த்தாள். “சரி தம்பி” என்றாள்.

வந்தவர்கள் புருஷனின் பழைய கூட்டாளிகள். நகரத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? மேஸ்திரி மேலே வந்து கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றார். கயிற்றுச் சுருளைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“என்னய்யா, அழுவுறியா வேர்க்குதா?” என்றான் புருஷன். “எனக்குத்தான் ரெண்டும் இல்லை.”

“போடா குரங்கே” என்றார் மேஸ்திரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

இறங்கி மரத்தைச் சுற்றி வந்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பெரிய கிளை இரண்டும் தகரக் கூரைக்கு நேர்மேலே. ஒரு கிளை கை தவறினால் கூரையோடு கட்டிலும் நசுங்கும். ஆளை முதலில் இறக்கிவிடலாம் என்றார்கள். புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை. “கட்டிலை ஜன்னலோரமா இழு” என்று அவளிடம் சொன்னான். இழுத்தாள். முதுகுக்குத் தலையணை வைத்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

“அந்த வலது கிளையைத் தொடாதே! முதல்ல அதுக்கு மேல இருக்கிற சின்னதை எடு. கயிறை அந்தக் கவட்டையில போடு. அது இல்லடா கழுதை, அதுக்கு அடுத்தது. ஆங். தட்டிப் பாரு. தட்டிப் பாருன்னா!”

மேலே இருந்தவன் தட்டிப் பார்த்தான்.

“சத்தம் எப்படி?”

“கெட்டியா இருக்குண்ணே.”

“அப்ப கால் வை.”

மதியம் வரை கத்தினான். அவள் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். இத்தனை வருடத்தில் அவன் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறவனைத்தான் பார்த்திருக்கிறாள். எந்தக் கிளை எப்படித் திரும்பும், எந்தப் பக்கம் தொங்கும், எப்போது கயிறைத் தளர்த்த வேண்டும் என்று வெட்டுவதற்கு முன்பே சொன்னான். சொன்னபடியே ஒவ்வொன்றும் இறங்கியது. கூரையில் ஒரு கீறல் விழவில்லை. ஒவ்வொரு கிளை போகும்போதும் அறைக்குள் ஒரு பட்டை வெளிச்சம் கூடுதலாக விழுந்தது. முதலில் சுவரில், பிறகு தரையில், பிறகு அவன் கால் மேல். காலில் விழுந்த வெயிலை அவன் கவனிக்கவில்லை. அவனுக்கு அது தெரியாது. அவள் போர்வையை இழுத்து மூடினாள்.

அடிமரத்தைச் சாய்த்தபோது தெருவே குலுங்கியது. “அருமையா முடிச்சீங்கடா” என்றான் அவன், தொண்டை கட்டிப்போய்.

பிற்பகலில் தகரம் டிக் டிக்கென்று வெடித்துச் சத்தம் போட ஆரம்பித்தது. அவள் ஈரத் துணியால் அவன் கழுத்தையும் நெஞ்சையும் துடைத்துக்கொண்டே இருந்தாள். துணி உடனுக்குடன் வெதுவெதுப்பானது. அவன் முகம் சிவந்து, பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

“அவங்க கிட்ட வண்டி இருக்கு இல்ல? அந்தக் காப்பகத்துல?” என்றான்.

“இருக்கு.”

“இன்னைக்கே வரச் சொல்லு. நம்ம பசங்க கீழதான் இருக்காங்க, படியில தூக்கிட்டுப் போயிடுவாங்க. நாளைக்குன்னா ஆளு தேடணும்.”

அவள் துணியை வாளியில் போட்டாள். அலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தாள். கீழே மேஸ்திரியும் மற்றவர்களும் கிளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட இலைகளின் அடியில் பேன்கள் இன்னமும் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். காய்கிற வரைக்கும் உறிஞ்சும். வெயில் நேரே திரையில் விழுந்து எண்கள் தெரியவில்லை. அவள் உடம்பைத் திருப்பி, தன் நிழலைத் திரையின் மேல் விழவைத்து, காப்பகத்து எண்ணைத் தேடி அழுத்தினாள்.